கல்லாய்ப் போன மூட்டைகளுக்கு ஒரு மனு

அவர் பெயரை எழுதப்போவதில்லை. காகிதத்தில் அவர் பெயரைப் போட்டு நான் செய்தது போதும். அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு அண்ணாச்சி மேல்தான் விழ வேண்டும் என்பதால் யாரும் கண்டுபிடித்துவிட மாட்டார்கள்.

முத்தையாபுரத்தில் மெயின் ரோட்டை ஒட்டி சிமெண்டுக் கடை வைத்திருந்தார். முன்னால் ஒரு மேஜை போடுகிற அளவுக்குச் சின்ன அறை, பின்னால் தகரக் கூரை போட்ட குடோன். நான் வரி ஆலோசகன். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது, நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுவது, அதிகாரியைப் பார்த்துக் கும்பிடு போடுவது, இதுதான் என் பிழைப்பு. ஊரில் என்னை ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் ஆடிட்டர் இல்லை. அந்தப் பரீட்சையில் இரண்டு தடவை மண்ணைக் கவ்வியவன். இதை வருகிறவர்களிடம் நான் சொல்வதில்லை, அண்ணாச்சியிடமும் சொல்லவில்லை. என் இடத்தில் அவர் இருந்திருந்தால் முதல் நாளே போர்டு எழுதி வாசலில் மாட்டியிருப்பார்.

அவர் முதல் தடவை என் ஆபீசுக்கு வந்ததே ஒரு தப்பைச் சொல்லத்தான். மாடிப்படி ஏறிய மூச்சு அடங்குவதற்கு முன்னால், சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தார். எட்டு மாதத்துக்கு முந்தைய பில். அதற்குக் கட்ட வேண்டிய வரி ரிட்டர்னில் சேராமல் விட்டுப்போயிருந்தது. பழைய ஆடிட்டர் கவனிக்கவில்லை, வரி ஆபீசிலும் கவனிக்கவில்லை. அண்ணாச்சிதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கண்டுபிடித்திருந்தார்.

"யாராவது கேட்டாங்களா அண்ணாச்சி?"

"கேக்கல தம்பி."

"நோட்டீஸ் வந்திருக்கா?"

"வரல."

"பெறவு என்னத்துக்கு?"

"நாமளா சொல்லிருவோமே. அவங்க தேடிக் கண்டுபிடிச்சு வந்தா அவங்களுக்கும் அலைச்சல், நமக்கும் ஒரு மாதிரி இருக்கும்லா."

கட்ட வேண்டிய வரியைவிட அதைக் கட்டிக்கொடுக்க நான் வாங்கிய ஃபீஸ் அதிகம். அதையும் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு, படியிறங்கும்போது திரும்பி, "இப்பதான் தம்பி நிம்மதியா இருக்கு" என்றார்.

அவருடைய கொள்கை ரொம்ப எளிமையானது. அரசாங்கம் என்றால் அவருக்குக் கொஞ்சம் காது மந்தமான, ஆனால் நல்ல மனசுள்ள ஒரு பெரிய மனிதர். தூரத்தில் நின்று கத்தினால் அவருக்குக் கேட்காது. பக்கத்தில் போய், நிதானமாக, விவரமாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார். "வெவரமாச் சொன்னாக் கேப்பாங்க தம்பி" என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று எனக்கே நினைவில்லை. அந்த விவரத்துக்காகவே சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார். ஒன்று மக்கர் செய்தால் விவரம் பாதியில் நின்றுவிடக் கூடாதல்லவா.

இந்த நம்பிக்கைக்கு அவர் சாட்சிகளும் வைத்திருந்தார். துறைமுகத்துக்குப் பிரிகிற ரவுண்டானாவில் ஒரு நாள் போலீஸ்காரர் ஒருவர் லாரிகளை மடக்கிக்கொண்டிருந்தார். அண்ணாச்சியை அவர் பார்க்கக்கூட இல்லை. இவராகவே ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கிட்டே போய், "சார், இன்னிக்கு ஹெல்மெட்ட மறந்து வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்" என்றிருக்கிறார். போலீஸ்காரர் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போங்க அண்ணாச்சி, வெயில்ல நிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார். மறுநாள் என்னிடம் வந்து, ஹைகோர்ட்டில் கேஸ் ஜெயித்த வக்கீல் மாதிரி இதைச் சொன்னார். அந்தப் போலீஸ்காரர் அன்றைக்கு ஒரு ரசீது கிழித்துக் கையில் கொடுத்திருக்கலாம். அவருக்கு நல்லது செய்ததாக இருந்திருக்கும்.

மகளைக் கட்டிக்கொடுத்த மாதமே தாலுகா ஆபீசுக்குப் போய் ரேஷன் கார்டில் அவள் பெயரை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தவர் அவர். வீட்டுக்கு நான் போயிருந்தபோது மைனி, அவர் மனைவியைத்தான் சொல்கிறேன், காபி டம்ளரை வைத்துவிட்டுப் பொரிந்து தள்ளினாள். "புள்ளைய அனுப்பி இன்னும் வீட்டுல பந்தக்கால் பிடுங்கல தம்பி, அதுக்குள்ள இவுக போயி அவ பேர அழிச்சிட்டு வந்திருக்காக. அங்கன இருந்த கிளார்க்கே கேட்டானாம், என்ன அண்ணாச்சி அவசரம்னு. அரிசி போனாப் போவுது. அவ பேரு கெடந்துட்டுப் போட்டுமே." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கடைசியில் கண் கலங்கிவிட்டது. அண்ணாச்சி சுவரைப் பார்த்துக்கொண்டு, "இல்லாதவ பேருல வாங்கக் கூடாதுளா" என்றார்.

கடையிலும் அப்படித்தான். சிமெண்டு மூட்டையில் அது எந்த வாரம் பொதிந்தது என்று அச்சடித்திருப்பார்கள். வாங்க வருகிறவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. இவர் வலிய எடுத்துக் காட்டுவார். "இது மூணு மாசத்துக்கு மேல ஆன சரக்கு. கான்கிரீட்டுக்கு வேண்டாம், பூச்சுக்கு வச்சுக்கிடுங்க. கான்கிரீட்டுக்கு நாளன்னிக்கு புது லோடு வருது." வந்தவர் எதிர்க் கடையில் அதைவிடப் பழைய சரக்கை வாங்கிக்கொண்டு போவார். ஆனால் கொத்தனார்கள் அவரை நம்பினார்கள். வீடு கட்டுகிறவர்களிடம் அவர் கடையைத்தான் சொன்னார்கள். அதனால் வியாபாரம் ஒன்றும் மோசமில்லை.

எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். எரிச்சலும் வரும். காலையிலிருந்து நாலு பேருடைய பொய்களுக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவன் எதிரில் இப்படி ஒருத்தர் வந்து இரண்டு பேனாவோடு உட்கார்ந்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

மார்கழியில் யாரும் புது வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட மாட்டார்கள். தை பிறந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்குவார்கள். அதனால் சிமெண்டுக் கடைக்காரர்கள் மார்கழியை ஒட்டித்தான் சரக்கை வாங்கி அடைப்பார்கள். அந்த வருடமும் அண்ணாச்சி பேங்கில் கடன் எடுத்துக் குடோனைக் கூரைவரை நிரப்பி வைத்திருந்தார். உப்புக்காற்று படக் கூடாது என்று சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, ஈரம் ஏறக் கூடாது என்று கீழே பலகை போட்டு, மேலே தார்ப்பாய் மூடியிருந்தார்.

மார்கழி பிறந்த கையோடு மழை பிடித்தது. கடல் பக்கமிருந்துதான் எது வந்தாலும் வரும் என்று இருந்த ஊருக்கு, மேற்கேயிருந்து குளங்கள் உடைத்துக்கொண்டு தண்ணீர் வந்தது. என் வீட்டுக் கீழ்த்தளத்திலும் இடுப்பளவு. ஃபைல்களை மாடிக்கு ஏற்றி, அம்மாவின் மாத்திரைக்கு அலைந்து, கரண்டு இல்லாமல் நாலைந்து நாள் போனதும்தான் எனக்கு அவர் நினைவே வந்தது. முழங்கால் சேற்றில் நடந்து முத்தையாபுரம் போனேன்.

குடோனில் அண்ணாச்சியும் இரண்டு லோடுமேன்களும் நின்றிருந்தார்கள். ஒவ்வொரு மூட்டையாகக் கடப்பாரையால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிமெண்டு தண்ணீரில் கரைந்து ஓடிப்போகும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஓடவில்லை. மூட்டைகள் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன. உள்ளே எல்லாம் கல். சில மூட்டைகளில் உறையைக் கிழித்திருந்தார்கள். தையல் மடிப்பு முதற்கொண்டு பதிந்து, மூட்டையின் வடிவத்திலேயே கல்லாகக் கிடந்தது.

"ஆயிரத்து எரநூத்திப் பதினேழு மூட்டை இருந்துச்சு தம்பி. மேலடுக்குல பதினோரு மூட்டை தேறும். மத்தது போச்சு" என்றார். இன்ஷூரன்ஸ் தீக்கு மட்டும்தான் எடுத்திருந்தார். வெள்ளம் என்பதை ஏஜெண்டும் நினைக்கவில்லை, இவரும் நினைக்கவில்லை. ஏதாவது நல்லதாகச் சொல்லலாமே என்று, "வெள்ளம் பாதிச்ச மாவட்டத்துக்கெல்லாம் ரிட்டர்ன் போடக் கூடுதல் டைம் குடுத்திருக்காங்க அண்ணாச்சி. ஃபைன் கிடையாது" என்றேன்.

"தேதியத் தள்ளி வச்சிருக்காங்களா? நல்லது. சரக்குக்கு என்ன செஞ்சிருக்காங்க?"

"அதுக்கு ஒண்ணும் சொல்லல."

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது தம்பி. இங்கன வந்து பாத்தாத்தான தெரியும்? நாம எழுதிப் போடுவோம்."

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அண்ணாச்சி கம்பெனியிடம் சிமெண்டு வாங்கும்போதே வரி கொடுத்துத்தான் வாங்குவார். சிமெண்டுக்கு அப்போது நூற்றுக்கு இருபத்தெட்டு. விற்கும்போது வாடிக்கையாளரிடம் வரி வாங்குவார். தான் ஏற்கெனவே கொடுத்ததை அதில் கழித்துக்கொண்டு மீதியை அரசாங்கத்துக்குக் கட்டுவார். சரக்கு வந்த உடனேயே இந்தக் கழிவை எடுத்துக்கொள்ளலாம். எல்லாரும் அப்படித்தான் எடுப்பார்கள். ஆனால் சரக்கு விற்காமல் அழிந்துபோனால், எடுத்த கழிவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. திருட்டுப் போனாலும், தீயில் போனாலும், வெள்ளத்தில் போனாலும் ஒன்றுதான். சரக்கும் போய், அந்தச் சரக்குக்கான வரியையும் கட்ட வேண்டும்.

வியாபாரிகளுக்கு இது தெரியும். அதனால்தான் வாயைத் திறக்க மாட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர் ப்ளைவுட் விற்கிறவர். அவருடைய பலகைகள் எல்லாம் ஊறி, அப்பளமாகப் பிரிந்து கிடந்தன. அவர் மதில் மேல் எட்டிப் பார்த்து அண்ணாச்சியிடம் சொன்னார். "தண்ணிக்குள்ள போனத தண்ணிக்குள்ளயே விட்டுருங்க அண்ணாச்சி. மாசம் கொஞ்சமா வித்த மாதிரி பில்லப் போட்டுக் கழிச்சிருவோம். எவன் வந்து பாக்கப் போறான்?" அவருக்கு இன்றுவரை ஒரு நோட்டீஸ் கிடையாது. அவருக்கும் ரிட்டர்ன் போடுகிறவன் நான்தான்.

நானும் அண்ணாச்சியிடம் சட்டத்தைச் சொன்னேன். சொல்லாமல் இருந்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. "அழிஞ்சிட்டுன்னு எழுதிக் குடுத்தா எடுத்த கழிவத் திருப்பிக் கேப்பாங்க அண்ணாச்சி. பேசாம இருந்துருவோம்."

அவர் கையை அசைத்து மறுத்தார். "அந்தச் சட்டத்த எழுதினவங்க வெள்ளத்த நெனச்சு எழுதிருக்க மாட்டாங்க. கள்ளக் கணக்கு எழுதுதவன நெனச்சு எழுதிருப்பாங்க. ஊரே பாத்த வெள்ளம் தம்பி இது. டி.வி.லயே காட்டுனாங்க. வெள்ளம்னு சொன்னா அவங்களுக்கே மனசு கேக்காது. வெவரமா எழுதுவோம்."

நான் அதற்கு மேல் வாதாடவில்லை. களைத்துப்போயிருந்தேன். என் வீட்டுச் சுவரிலும் இடுப்புயரத்துக்குச் சேற்றுக்கோடு இருந்தது. ஒருவேளை இவர் சொல்வதுபோலக் கேட்டுவிடுவார்களோ என்று எனக்கே ஒரு ஆசையும் வந்துவிட்டது. மனுவை டைப் செய்தேன். அழிந்துபோன சரக்குக்கான வரியைத் தள்ளுபடி செய்து உதவ வேண்டும் என்று கேட்டு, எழுதினது எழுதினோம், சரியாக எழுதுவோம் என்று ஒரு அட்டவணையும் சேர்த்தேன். எந்தத் தேதியில் எந்தப் பில்லில் எத்தனை மூட்டை, அதற்கு எடுத்த கழிவு எவ்வளவு, எல்லாம் கட்டம் கட்டமாக. என் வேலையில் நான் இதுவரை போட்டதிலேயே அழகான அட்டவணை அதுதான். அண்ணாச்சி அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "வக்கீலு தோத்தான் தம்பி" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இன்றைக்கு நினைத்தால் கையை வெட்டிக்கொள்ளலாம்போல இருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் அவர் தன் கையாலேயே, 'மேற்படி மூட்டைகளில் பதினோரு மூட்டை நல்ல நிலையில் உள்ளது, அதற்கு நிவாரணம் வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கல் மூட்டைகளுக்கு நடுவில் அவரை நிற்க வைத்து நாலு போட்டோ எடுத்து இணைத்தோம். கலெக்டர் ஆபீசில் நிவாரண மனு வாங்குகிற இடத்தில் ஒரு பிரதி. நான் அத்தோடு விடலாம் என்றேன். "வரி விஷயத்த வரி ஆபீசுக்குச் சொல்லாம இருக்கலாமா?" என்று அங்கேயும் ஒரு பிரதி கொடுத்து, இரண்டிலும் சீல் வாங்கிக்கொண்டு வந்தார்.

சில மாதம் ஒன்றும் வரவில்லை. அதற்குள் பேங்க்காரர்கள் குடோனைக் காலி செய்து வேறு சரக்கு வை என்று நெருக்கினார்கள். கல் மூட்டைகளை எடை போட்டு வாங்க யாரும் இல்லை. அள்ளிக்கொண்டு போய்க் கொட்டவும் லாரி வாடகை. யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொண்டு போங்கள் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். அக்கம்பக்கத்தில் வாசல்படிக்கும், தண்ணீர் புகாமல் தடுப்பு வைக்கவும் ஆளுக்குப் பத்து இருபது என்று உருட்டிக்கொண்டு போனார்கள்.

பிறகு கலெக்டர் ஆபீசிலிருந்து பதில் வந்தது. மனு, தக்க நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று இரண்டு வரி. அண்ணாச்சி அதை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். "பாத்தீங்களா, தக்க நடவடிக்கைன்னு போட்டிருக்காங்க." மைனி சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்தனுப்பியிருந்தாள்.

நடவடிக்கை வந்தது. நோட்டீஸ் இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் வரும், முதலில் பார்ப்பது என்னைப் போன்றவர்கள்தான். திறந்து பார்த்தேன். என் அட்டவணை. நான் போட்ட அதே கட்டங்கள், அதே வரிசை. ஒரு எழுத்து மாறவில்லை. வலது பக்கம் வட்டி என்று ஒரு கட்டமும், அபராதம் என்று ஒரு கட்டமும் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். இரண்டு நாள் அவரிடம் சொல்லாமல் இருந்தேன். அவர் போன் செய்தபோதுகூட எடுக்கவில்லை. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் கடைக்கே போய்க் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "நாம எழுதினத அப்படியே போட்டிருக்காங்க தம்பி" என்றார். கோபமே இல்லை. எங்கேயோ ஒரு தாள் தப்பாக மாறிவிட்டது, நேரில் போய்ச் சொன்னால் சரியாகிவிடும் என்கிற மாதிரிதான் முகம் இருந்தது. "வாங்க, போயிப் பாத்துட்டு வருவோம்."

அந்த அதிகாரி ஒரு இளம்பெண். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர். கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். எங்களை உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். ஃபைலைத் திறந்து போட்டோக்களைப் பார்த்தார்.

"எனக்குப் புரியுது சார். ரொம்பக் கஷ்டமா இருக்கு. ஆனா நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. எழுத்துல வந்த பிறகு நான் நடவடிக்கை எடுக்கலைன்னா நாளைக்கு ஆடிட்ல என்னைக் கேப்பாங்க."

"உதவி கேட்டுல்லாம்மா எழுதினேன்" என்றார் அண்ணாச்சி.

"உதவி செய்யறதுக்குச் சட்டத்துல இடம் இல்ல சார். வசூல் பண்றதுக்குத்தான் இடம் இருக்கு." சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "அந்த மூட்டைகள் இப்ப இருக்கா?" என்று கேட்டார்.

நான் மேஜைக்குக் கீழே அண்ணாச்சியின் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டு சொன்னார். "இல்லம்மா. சனங்களுக்குக் குடுத்துட்டேன். வாசப்படிக்கு, தடுப்புக்குன்னு எடுத்துட்டுப் போனாங்க. காசு வாங்கலம்மா, சும்மாதான் குடுத்தேன்." அது தனக்கு நல்ல பெயர் வாங்கித் தரும் என்று நினைத்தார். அதிகாரி பேனாவை எடுத்து எழுதிக்கொண்டே, "இலவசமாக் கொடுத்தாலும் கழிவைத் திருப்பணும் சார். அதுவும் அதே பிரிவுலதான் வருது" என்றார்.

வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றோம். "அந்தப் புள்ள நல்ல புள்ளதான் தம்பி" என்றார்.

நாங்கள் எழுதிய பதிலை ஏற்க இயலாது என்று ஆர்டர் வந்தது. அப்பீல் போனோம். அப்பீல் போடவும் ஒரு பங்கை முன்பணமாகக் கட்ட வேண்டும். மைனியின் வளையல் அதற்குப் போயிற்று. அப்பீலிலும் சட்டம் தெளிவாக இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். மேலே ஹைகோர்ட்டுக்குப் போகலாம்தான். வக்கீல் ஃபீசைக் கேட்டுவிட்டு அண்ணாச்சி போனைக் கீழே வைத்துவிட்டார்.

அதற்கு மறுநாள் என் ஆபீசுக்கு வந்தார். வந்தவர் பக்கத்து நாற்காலியில் ஆள் இருக்கிறாரா என்று பார்த்தார். கதவைச் சாத்தினார். அதற்கு முன்னால் அவர் என் ஆபீஸ் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

"தம்பி, அந்த மனுவ வாபஸ் வாங்க முடியுமா?"

"வாங்கி என்ன அண்ணாச்சி செய்ய?"

"சரக்கு அழியலன்னு எழுதிக் குடுத்துருவோம். வித்தாச்சுன்னு." என் முகத்தைப் பார்க்காமல் மேஜையின் விளிம்பைப் பார்த்துச் சொன்னார். "மத்தவங்கள்லாம் அப்படித்தான செஞ்சிருக்காங்க."

"ரெண்டு ஆபீஸ்லயும் சீல் வாங்கியிருக்கோம் அண்ணாச்சி. போட்டோ வேற குடுத்திருக்கோம்."

"ஆமா" என்றார் அண்ணாச்சி. "போட்டோவுல நான் வேற நிக்கேன்."

ஆர்டர் வந்த நாளில்கூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு பொய்யைக் கேட்கிற நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டோமே என்று அழுகை வந்தது. அவர் எதிரில் அழவில்லை. ஏதோ ஃபைலைத் தேடுகிற மாதிரி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடையையும் குடோனையும் விற்றார். வாங்கியது பக்கத்து ப்ளைவுட்காரர்தான். நியாயமான விலையே கொடுத்தார், அதில் குறை சொல்ல முடியாது. பேங்குக்குப் போனது போக மிச்சம் வரிக்குப் போனது. எல்லாம் கட்டி முடித்த அன்று என் ஃபீசை மேஜையில் வைத்தார். நான் வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். அவர் வைத்துவிட்டுப் போனார். நானும் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு உப்புக் கம்பெனியில் லாரி எடை போடுகிற இடத்தில் அவர் சீட்டு எழுதுகிறார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன். ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுவேன். அடுத்த வருடக் கடைசியில் மறுபடி ஒரு பெருமழை பிடித்தது. முந்தினதைப்போல இல்லை, ஆனாலும் முத்தையாபுரத்தில் பள்ளமான தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்றார்கள். அதற்கு மேல் என்னால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. மறுநாள் முற்பகலில் கிளம்பிப் போனேன்.

அவர் வீட்டில் வெளிறிய பச்சைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. தரையில் இன்னும் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. மைனி கட்டிலின் மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்து, நனைந்த துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். அண்ணாச்சி வாளியால் தண்ணீரைக் கோரி வாசலில் ஊற்றிக்கொண்டிருந்தார். மெலிந்துபோயிருந்தார். என்னைப் பார்த்து, "வாங்க தம்பி" என்றார். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு குடத்தை எடுத்தேன். இரண்டு பேருமாகக் கோரிக்கொண்டிருந்தோம்.

அப்போது கிராம நிர்வாக ஆபீசிலிருந்து ஒரு பெண், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தாள். தண்ணீர் புகுந்த வீடுகளைக் கணக்கெடுக்கிறார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

"வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா அண்ணாச்சி?" என்று வாசலில் நின்று கேட்டாள்.

அண்ணாச்சி வாளியைக் கதவுக்குப் பின்னால் வைத்தார். "இல்லம்மா. வரல."

அவள் அவருடைய காலைப் பார்த்தாள். "செவுத்துல ஈரம் தெரியுதே. வந்துச்சுன்னா சொல்லுங்க, எழுதிட்டுப் போறேன். நிவாரணம் உண்டு. வீட்டுத் தீர்வையிலயும் தள்ளுபடி செய்வாங்கன்னு பேசிக்கிடுதாங்க."

"வரலன்னு சொல்லுதேம்லாம்மா. வீடு கழுவுதோம்."

கட்டிலிலிருந்து மைனி, "ஏங்க…" என்று ஆரம்பித்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். அவள் நிறுத்திக்கொண்டாள்.

என்னால் தாங்க முடியவில்லை. "வந்துச்சும்மா" என்றேன். "முழங்கால் வர வந்துச்சு. நீங்க எழுதிக்கோங்க."

"நீங்க யாரு சார்? இந்த வீட்டுக்காரங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி சொன்னார். "இவர எனக்குத் தெரியாதும்மா. மழைக்கு ஒதுங்குனாரு."

அந்தப் பெண் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தாள். மழை முந்தின நாள் ராத்திரியே விட்டிருந்தது. வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அவள் பட்டியலில் அந்தக் கதவு எண்ணுக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.